முதல் பெண் வக்கீலின் கதையை எழுதுவது எப்படி: தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

பதினோரு வருடத்துக்கு முன்னால் எங்கள் வக்கீல் சங்கத்தின் மகளிர் தின மலருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரி: "கொர்னேலியா சொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் பட்டம் பெற்று, நாடு திரும்பி, உயர் நீதிமன்றத்தில் வாதாடி, இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞர் ஆனார்."

மலர் வந்த அன்று சாயங்காலமே எங்கள் சீனியர் அம்மா என்னைக் கூப்பிட்டார். அந்த வரியின் கீழே சிவப்பு மையில் மூன்று கோடு. "ஒரே வரியில மூணு தப்பு. பிராது இப்படி எழுதினா கோர்ட்டு எடுத்து நம்பர் போடுமாம்மா?" என்றார். திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

நான் மதுரையில் சிவில் பக்கம் தொழில் செய்கிறவள். பாகப்பிரிவினை வழக்குகள்தான் அதிகம். வம்சாவளி போடுவதும், முப்பது வருடத்து வில்லங்கம் பார்ப்பதும், பாட்டி பெயர் ஏன் எந்தப் பத்திரத்திலும் இல்லை என்று தேடுவதும் அன்றாட வேலை. அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பிறகு, ஒருத்தியின் வாழ்க்கையையும் ஒரு சொத்தின் பத்திரக் கட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினேன். இன்று கல்லூரிப் பெண்கள் சிலர் "முதல் பெண் வக்கீல் பற்றி எழுதணும் மேடம், எங்கே ஆரம்பிக்க?" என்று கேட்பதால் இதை எழுதுகிறேன். உதாரணத்துக்குக் கொர்னேலியாவையே வைத்துக்கொள்கிறேன். நான் சறுக்கிய இடம் அதுதானே.

"முதல்" என்ற சொல்லைப் பிரித்துப் போடுங்கள்

முன்னோடிகளைப் பற்றி எழுதும்போது நம்மைக் கவிழ்ப்பது இந்த ஒரு சொல். முதல் என்றால் எதில் முதல்? படிப்பிலா, தேர்விலா, பட்டத்திலா, பதிவிலா, கோர்ட்டில் எழுந்து நின்று பேசியதிலா? வக்கீலாக இருப்பவர்களுக்கு இவை ஐந்தும் வேறு வேறு நாள் என்று தெரியும். சட்டப் படிப்பை முடித்த நாளும் கோட்டுப் போட்ட நாளும் ஒன்றா என்ன? ஆனாலும் எழுத உட்கார்ந்தால் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் திணித்துவிடுகிறோம்.

ஒரு நீளக் குறிப்பேடு எடுத்து இடப்பக்கம் வருடம், வலப்பக்கம் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். பெருமைச் சொல் எதுவும் வேண்டாம். கொர்னேலியாவுக்கு என் ஏட்டில் இப்படி வந்தது. 1866 நவம்பர் 15, நாசிக் பக்கம் பிறப்பு. புனே டெக்கான் கல்லூரியில் படிப்பு. தேர்வில் முதலிடம் வந்தவர்களுக்கு இங்கிலாந்து போய்ப் படிக்க உதவித்தொகை இருந்தது, பெண் என்பதால் இவருக்கு மறுத்துவிட்டார்கள். அகமதாபாத் குஜராத் கல்லூரியில் ஆண் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். பிறகு இங்கிலாந்தில் மேரி ஹாப்ஹவுஸ் போன்றவர்கள் முன்னின்று நிதி திரட்டினார்கள், அதில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலும் பணம் போட்டார். 1889-இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரி.

1892-இல் அங்கே பி.சி.எல். என்ற சட்டத் தேர்வை எழுதினார். அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக ஓர் ஆணை போட வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்கு முன் எந்தப் பெண்ணும் அதை எழுதியதில்லை. தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டு பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1920-இல்தான். கொர்னேலியா தன் பட்டத்தை வாங்கியது 1922-இல். முப்பது வருடம். நான் எழுதிய வரியில் அந்த முப்பது வருடம் ஒரு காற்புள்ளிக்குள் காணாமல் போயிருந்தது.

1893-இல் ஊர் திரும்பினார். 1896-இல் புனேயில் ஆங்கிலேய நீதிபதி முன் ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் பேசினார். ஆனால் எந்த நீதிமன்றத்திலும் அவர் பெயர் வக்கீலாகப் பதிவாகவில்லை. 1897-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தேர்வு. 1899-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் ப்ளீடர் என்ற வக்கீல் தேர்வு. தேர்வுக்கு மேல் தேர்வாகத் தேறியும் கதவு திறக்கவில்லை. அலகாபாத் அவரைப் பதிவு செய்தது 1921-இல். அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. லண்டனில் லிங்கன்ஸ் இன் என்ற வக்கீல் சங்கம் வழியாகப் பாரிஸ்டராகி, 1924-இல் கல்கத்தாவில் தொழில் தொடங்கினார்.

இந்தப் பட்டியலைப் போட்ட பிறகு "முதல் பெண் வழக்கறிஞர்" என்று ஒரே மூச்சில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு "முதல்" பக்கத்திலும் எந்தக் கதவு, எந்த வருடம் என்று எழுதிவிட்டால் போதும், சண்டை இல்லை.

தாய்ப்பத்திரம்

இடம் வாங்குகிறவர் வந்தால் முதலில் என்ன கேட்போம்? தாய்ப்பத்திரம், அதாவது முந்தைய மூலப் பத்திரம், இருக்கா என்று. குடும்ப வரலாற்றுக்கும் அதே கேள்விதான், அதுவும் சொல்லுக்குச் சொல் அதே அர்த்தத்தில். பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் "தந்தை இன்னார்" என்று தொடங்கி, தாயை "அன்னையின் அரவணைப்பில்" என்று முடித்துவிடும். அரவணைப்பு என்ற சொல்லைக் கண்டால் அங்கே ஒரு பெண்ணின் வேலை மறைந்துகிடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தந்தை சொராப்ஜி கர்செட்ஜி, பார்சிக் குடும்பத்தில் பிறந்து சின்ன வயதிலேயே கிறிஸ்தவரானவர், மிஷன் ஊழியர். தாய் ஃப்ரான்ஸினா. பிறப்பால் இந்தியர். பன்னிரண்டு வயதில் ஃபோர்டு என்ற ஆங்கிலத் தம்பதி அவரைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். அந்த வளர்ப்புத் தாயின் பெயர்தான் கொர்னேலியா. ஆக, நம் வக்கீலம்மாவின் பெயரே தாய்வழியில் வந்த பெயர். பாட்டி பெயரைப் பேத்திக்கு வைக்கிற வீட்டிலிருந்து வருகிற நமக்கு இது சட்டென்று புரியும்.

ஃப்ரான்ஸினா புனேயில் விக்டோரியா பள்ளியை நிறுவி நடத்தினார். ஒரு மொழி, ஒரு மதத்துப் பிள்ளைகளோடு நிற்காமல் வெவ்வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கும் பள்ளி ஏற்படுத்தினார். தன் பெண் பிள்ளைகளையே அதில் ஆசிரியைகளாக்கிப் பழக்கினார். அவரிடம் யோசனை கேட்டுப் பெண்கள் வருவார்கள். அப்படி ஒரு நாள் வந்தவர், சொத்தைப் பராமரிக்க வைத்த ஆளிடமே சொத்தைப் பறிகொடுத்த ஒரு கைம்பெண். அவருக்கு உதவ ஆண் வக்கீல் உள்ளே வர முடியாது, அவர் வெளியே போக முடியாது. இப்படிப்பட்டவர்களுக்காக நீ சட்டம் படிக்கலாமே என்று தாய் சொன்னதாகக் கொர்னேலியா பின்னாளில் எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டு, லிங்கன்ஸ் இன், கல்கத்தா எல்லாமே அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து கிளம்பியவை என்பது என் வாதம்.

எனவே வம்சாவளி வரையும்போது நான் தாயிலிருந்து தொடங்கி மேலே ஒரு தலைமுறை, கீழே இரண்டு தலைமுறை போடுவேன். தத்து, மதமாற்றம், மறுமணம் எதையும் மறைக்காமல் புள்ளிக்கோடு போட்டுக் காட்டுவேன். வாரிசுச் சான்றிதழுக்கு நாம் விட்டுவிடுகிற ஆட்கள்தான் வரலாற்றில் முக்கியமான ஆட்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தக் குடும்பத்தில் தந்தையின் சொந்தப் பெயரான சொராப்ஜியே அடுத்த தலைமுறைக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. லங்ரானா என்று இன்னொரு பெயரும் சில இடங்களில் வரும். நம் ஊரிலும் அப்பா பெயர் இனிஷியலாக இருந்து, கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறி, பெண்ணின் பட்டச் சான்றிதழில் ஒருத்தி, பதிவேட்டில் இன்னொருத்தி என்று ஆகியிருக்கும். எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள். ஒரே பெயரைத் தேடிவிட்டு "ஆவணம் இல்லை" என்று சொல்லாதீர்கள்.

உடன்பிறந்தவர்களை விட்டுவிடாதீர்கள்

முன்னோடி ஒருத்தி தனி மரமாக முளைப்பதில்லை. கொர்னேலியாவின் தங்கை சூசி புனேயில் செயின்ட் ஹெலினா பள்ளியை நிறுவினார். இன்னொரு தங்கை ஆலிஸ் மருத்துவர். வடமேற்கு எல்லைப்புறத்துப் பன்னு என்ற ஊரில் மருத்துவ ஊழியம் செய்த தியோடர் பென்னலை மணந்தார், அவர் 1912-இல் இறந்த பிறகு அவரைப் பற்றி நூலும் எழுதினார். தம்பி டிக் சட்டம் படித்தவர். ஒரே வீட்டில் பள்ளி, ஆஸ்பத்திரி, கோர்ட் மூன்றும்! இதைப் பார்த்த பிறகு கொர்னேலியாவின் பிடிவாதம் தனிப்பட்ட அதிசயமாகத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பழக்கமாகத் தெரிந்தது.

அப்புறம், சாட்சிகளை எடை போடுவது. கொர்னேலியா தன் பெற்றோரைப் பற்றி ஒரு நூல், தங்கை சூசியைப் பற்றி ஒரு நூல், 1934-இல் 'இந்தியா காலிங்' என்ற தன்வரலாறு எழுதியிருக்கிறார். தம்பி மகன் ரிச்சர்ட் சொராப்ஜி, தத்துவப் பேராசிரியர், அத்தையைப் பற்றி 2010-இல் ஒரு வரலாறு எழுதினார். எல்லாமே உள்வீட்டுச் சாட்சி. கோர்ட்டில் உறவுக்காரர் சாட்சியம் என்பதற்காக ஒதுக்க முடியாது, கவனமாகப் பார்க்க வேண்டும் என்பார்கள் இல்லையா, அதே விதி இங்கேயும். தன்வரலாறு எழுதியபோது அவருக்கு அறுபத்தேழு வயது. முப்பது வருடத்துக்கு முந்தைய சம்பவத்தை எழுதுகிறார், அதுவும் இங்கிலாந்து வாசகருக்கு. கதை கொஞ்சம் மினுங்கும்.

ஒரு குறுநில ராஜாவின் தர்பாரில் யானைக்காக வாதாடப் போன கதை அப்படித்தான். ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார், அவருடைய நாய்க்கு இவரைப் பிடித்துப்போகிறது, ஆகவே வழக்கு ஜெயித்ததாக அறிவித்துவிடுகிறார். அருமையான கதை, நானும் ஜூனியர்களிடம் சொல்வேன். ஆனால் எழுதும்போது "அவர் சொல்வது" என்று ஒட்டுப்போட்டு எழுதுங்கள்.

அதற்கு எதிர்ச் சாட்சி, சம்பவம் நடந்த சமயத்திலேயே எழுதிய கடிதமும் நாட்குறிப்பும். அவருடைய தாள்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எஃப் 165 என்ற எண்ணில் இருக்கின்றன. லண்டன் போக நம்மால் ஆகாது, சரி. ஆனால் அவற்றைப் படித்து எழுதிய ஆராய்ச்சியாளர்கள் எந்தத் தேதிக் கடிதம் என்று அடிக்குறிப்பில் சொல்லியிருப்பார்கள். அடிக்குறிப்புகளை முதலில் படிக்கிற பழக்கம் வரட்டும். தன்வரலாறு ஒன்று சொல்லி, அந்தக் கால நாட்குறிப்பு வேறொன்று சொன்னால் நாட்குறிப்பின் பக்கம்தான் நான் நிற்பேன்.

வேலையை விளக்குங்கள், பட்டத்தை அல்ல

எங்கள் மலரில் நான் அவர் பார்த்த வேலையைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. அதுதான் கதையின் நடுமுற்றம். 1904-இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் பெண் உதவியாளராக நியமனம். இந்தப் பெயர் நமக்குப் புதிதில்லை. ஜமீன்தார் இறந்து வாரிசு மைனராக இருந்தால் சொத்தை அரசு எடுத்து நிர்வகிக்கும் ஏற்பாடு அது. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மைனராக இருந்தபோது 1889 வரை அந்தச் சமஸ்தானமும் அப்படித்தான் இருந்தது. வாசகருக்குத் தெரிந்த ஊர் ஒன்றைச் சொன்னால் அந்நியமான அலுவலகப் பெயர் உடனே உயிர் பெறும்.

வங்காளத்துச் சிக்கல் என்னவென்றால், அந்த எஸ்டேட்டுகளின் விதவைகள் பர்தாவுக்குள் இருந்தார்கள். வெளி ஆண் முகம் பார்க்கக் கூடாது. காரியஸ்தர் நீட்டிய தாளில் கைநாட்டு வைப்பார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று விளக்க ஆள் இல்லை. கொர்னேலியா உள்ளே போகலாம். படகிலும் பல்லக்கிலும் போனார். ஜீவனாம்சம் ஒழுங்காக வருகிறதா, பிள்ளை படிக்கிறானா என்று பார்த்தார். கிட்டத்தட்ட இருபது வருடத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் உதவியதாகக் கணக்கு. 1907-க்குள் அவருடைய எல்லை பீகார், ஒரிசா, அசாம் வரை விரிந்திருந்தது. இத்தனைக்கும் 1921 வரை அவர் எந்த உயர் நீதிமன்றத்திலும் பதிவு பெற்ற வக்கீல் இல்லை!

பர்தாநஷீன், அதாவது பர்தாவுக்குள் வாழும் பெண் கையெழுத்துப் போட்ட பத்திரம் என்றால், அவர் புரிந்துகொண்டுதான் போட்டார் என்று மற்றத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இது நம் சட்டத்தில் இன்றும் உள்ள கொள்கை. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 132-ஆம் பிரிவும் இப்படிப்பட்ட பெண்களுக்கு நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குத் தருகிறது. இதை ஒரு வரியில் சேர்த்தால் சட்டம் தெரியாத வாசகருக்கும் அவர் ஏன் தேவைப்பட்டார் என்று விளங்கும்.

பக்கத்துச் சர்வே எண்கள்

ஒரு இடத்தின் எல்லையைச் சொல்ல நான்கு பக்கமும் யார் என்று எழுதுகிறோம். முன்னோடிக்கும் அப்படி எழுதுங்கள். 1916-இல் ரெஜினா குஹா கல்கத்தாவில் பதிவு கேட்டார். 1879-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தில் உள்ள "நபர்" என்ற சொல்லில் பெண் அடங்கமாட்டாள் என்று உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1921-இல் பாட்னாவில் சுதாம்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். அதே 1921-இல்தான் அலகாபாத் கொர்னேலியாவை ஏற்றுக்கொண்டது. 1923-இல் பெண் வக்கீல்களுக்கென்றே சட்டம் வந்த பிறகுதான் கேள்வி தீர்ந்தது. 1920-களின் இறுதியில் சென்னையில் ஆனந்தாபாய் பதிவானார். மனு தள்ளுபடியான அந்த இரண்டு பேரையும் எழுதாவிட்டால் ஜெயித்தவரின் கதை பாதிதான்.

பிடிக்காததையும் எழுதுங்கள்

இது கஷ்டமான பகுதி. கொர்னேலியா சுதந்திரப் போராட்டத்தை ஆதரிக்கவில்லை. காந்தியின் வழியை எதிர்த்தார். 1927-இல் அமெரிக்கரான காதரின் மேயோ இந்தியாவை இழிவாகச் சித்தரித்து எழுதிய நூலுக்கு ஆதரவாக நின்றார், அதனால் கூட வேலை பார்த்த இந்தியப் பெண்கள் பலர் விலகிப் போனார்கள். 1929-இல் ஓய்வு பெற்று லண்டன் போய், அங்கேயே 1954 ஜூலை 6-இல் இறந்தார். இன்று அவருடைய மார்பளவுச் சிலை லிங்கன்ஸ் இன்னில் இருக்கிறது, 2012-இல் வைத்தது.

இதை அடிக்குறிப்பில் தள்ளாதீர்கள். வக்காலத்து வாங்கவும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம். வருடத்தோடு, விளைவோடு ஒரு பத்தி எழுதுங்கள். எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. பர்தாவுக்குள் இருந்த பெண்ணின் சங்கடத்தை அவ்வளவு நுட்பமாகப் பார்த்தவர், தெருவில் கொடி பிடித்து வந்த பெண்ணை ஏன் பார்க்க மறுத்தார் என்று. ஆனால் அந்தக் கோபம் என் ஏட்டின் ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது.

உங்கள் ஊர் வக்கீலம்மாவுக்கு

இதே முறையை எங்கள் சீனியர் அம்மாவுக்கே செய்து பார்த்தேன், அவர் காலமான பிறகு. பார் கவுன்சில் பதிவு எண்ணும் தேதியும் முதலில். பிறகு எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகத்தின் பழைய பத்திரிகைகள். ஆனால் நிஜமான சரக்கு வீட்டில்தான் இருந்தது. பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை. ஃபீஸ் வரவு எழுதிய மளிகைக் கணக்கு நோட்டு: ஒரு பக்கம் வாய்தா தேதி, மறுபக்கம் துவரம் பருப்பு. பதிவு நாளன்று எடுத்த ஒரு ஸ்டுடியோ போட்டோ.

வயதானவர்களிடம் பேசப் போகும்போது "உங்க அண்ணி எப்படிப்பட்டவங்க?" என்று கேட்காதீர்கள். "தங்கமானவங்க" என்றுதான் பதில் வரும். "கோர்ட்டுக்கு எதில போவாங்க? சாப்பாடு யார் கட்டிக் கொடுப்பாங்க? அவங்க கோர்ட்டில இருக்கப்போ பிள்ளை அழுதா யார் பார்த்தா?" என்று கேளுங்கள். பதிலில் குடும்பம் மொத்தமும் வந்துவிடும். பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். சொல்ல வேண்டாம் என்றதை எழுதாதீர்கள், நெருங்கியவர்கள் உயிரோடு இருக்கும்வரையாவது.

கடைசியாக, அச்சுக்குப் போகும் முன் வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தது சீனியர் அம்மாவின் நாத்தனாருக்கு, தொண்ணூறை நெருங்குகிறவர். "பதிவு நாளன்று தன் கறுப்புக் கோட்டில் கம்பீரமாக" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். போட்டோவைக் கொண்டுவரச் சொல்லி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அது அண்ணியோட கோட்டு இல்ல. எதுத்த வீட்டு வக்கீலய்யாகிட்ட இரவல் வாங்கினது. தோள்பட்டை தொங்குது பாரு."

பேனாவை எடுத்து "தன்" என்பதை அடித்தேன்.